அக்காவுக்கு ஒரு கன்னி நாய்

என் சொர்ணக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நம் வீட்டு வாசலில் இப்போது இரண்டு நாய்கள் கிடக்கின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. நாய் என்றாலே நாலு வீடு சுற்றிப் போகிற உன்னிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். நீ இருந்திருந்தால் நாய்களோடு சேர்த்து என்னையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பாய். தள்ள ஆள் இல்லை. அதுதான் என் கஷ்டமே.

அத்தான் இருக்கிறார். நான் வடித்து வைப்பதைச் சாப்பிடுகிறார். உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. உப்பளத்திலேயே முப்பது வருஷம் கிடந்த மனுஷன், சாப்பாட்டில் உப்பைப் பற்றிப் பேசாமல் எழுந்து கை கழுவுவதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னை ஒரு நாளும் அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏளா" என்று ஒரு குரல் வரும், நீ அடுப்படியிலிருந்து "என்னவாம்?" என்பாய். அந்த இரண்டு சத்தமும் நின்றுபோய் வீடு என்னவோ போல இருக்கிறது.

அக்கா, ஒன்று கேட்கிறேன். அத்தானுக்குக் கண் தெரியவில்லை என்று நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை?

உன் பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே அவர் அளத்துக்குக் கிளம்பிவிட்டார். பத்து மணிக்கு உப்பு வாருகிற பெண்கள் இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இடுப்பு வரை நனைந்து, முழங்காலில் தோல் உரிந்து, அதில் உப்புத்தண்ணீர் பட்டு எரிய எரிய நின்றார். வரப்பிலிருந்து பாத்திக்குள் இறங்கிவிட்டாராம். "கால் வழுக்கிட்டு மாப்ள" என்றார். அடுத்த வாரம் மறுபடியும் வழுக்கியது. பிறகு ஒரு நாள் நான் நீட்டிய காப்பி டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிக் கை வைத்துத் துழாவினார்.

பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே நரம்பு வாடிப்போய்விட்டது, ஆபரேஷன் செய்தும் பிரயோசனம் இல்லை என்றார். வெயிலில் உப்பு அடிக்கிற வெளிச்சத்தில் இனிமேல் நிற்கவே கூடாதாம். இருக்கிற கொஞ்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"எத்தன வருஷமா அத்தான் இப்படி?"

"நாலு வருஷம் இருக்கும்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாம எனக்கு என்னலே இருக்கு?"

நாலு வருஷமாக நீ தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அவரோடு அளத்துக்குப் போனாய். புருஷனை விட்டு அரை நாழிகை இருக்க மாட்டாள் என்று மாப்பிள்ளையூரணி ஊரே உன்னைக் கேலி செய்தது. நானும்தான் செய்தேன். "கங்காணி வேலை அத்தானுக்கா ஒனக்கா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய்.

கடைசியில் காய்ச்சலில் கிடக்கும்போது, "அத்தான அளத்துக்குத் தனியா விடாதலே" என்றாய். ஏதோ பாசத்தில் சொல்கிறாய் என்று நினைத்துச் "சரிக்கா" என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்றே எனக்குத் தெரியாது.

வீட்டில் இருங்கள், நான் சம்பாதிக்கிறேன் என்று அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "வீட்ல உக்காந்தா அவ இல்லாதது தெரியும் மாப்ள. அளத்துல தெரியாது" என்றார். முதலாளிக்கு இன்னும் விஷயம் தெரியாது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தே எந்தப் பாத்தி எப்போது விளையும் என்று சொல்கிறவரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன்பிறகு அவர் எத்தனை நாள் இருப்பார் என்று எனக்குத் தோன்றியதை உன்னிடம்கூட எழுத முடியவில்லை.

பத்து நாள் லீவு போட்டு நானே முன்னால் நடந்தேன். என் முதுகில் வந்து வந்து முட்டினார். "நீ எங்கன நிக்க, எங்கன போறன்னே தெரியலலே" என்று எரிந்து விழுந்தார். என் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொள்ள எனக்குப் புத்தி போகவில்லை. லீவு முடிந்தது. புதுத் துறைமுகத்தில் கப்பல் வந்து கட்டிவிட்டால் சரக்கு இறங்கி முடிகிற வரை அதை எண்ணி டாலி எழுதுகிற என்னால் அசைய முடியாது. உனக்குத்தான் தெரியுமே.

அப்போதுதான் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் அந்தோணி, என்னோடு படித்தவன், இந்த நாய் யோசனையைச் சொன்னான்.

"ஒங்க அத்தான் ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பாவ?"

"காலைல இருந்து உச்சி வரைக்கும் நடைதான். சாயங்காலமும் ஒரு சுத்து உண்டு."

"அப்பம் சளைக்காம நடக்க நாயி வேணும். ஆனா பதறுத நாயி ஆகாது. கொக்கு பறந்ததும் பின்னாலயே பாஞ்சுதுன்னா ஒங்க அத்தான் பாத்திக்குள்ளதான் கெடப்பாவ. அவிய நின்னா நிக்கணும், ஒக்காந்தா பக்கத்துல படுத்துக்கிடணும்."

சளைக்காத நடையும் வேண்டும், பதறாத குணமும் வேண்டும். அவன் சொல்லச் சொல்ல எனக்கு உன் முகம்தான் வந்தது. திட்டாதே. நாயோடு சேர்த்து உன்னை நினைத்தேன் என்று கோபப்படாதே.

நாய் தேடுவது பெண் தேடுவதைவிடக் கஷ்டம் அக்கா. அதிகாரிகள் வீட்டுச் சடைநாய் நம் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரம் தாங்காது. மீன் ஏலம் போடுகிற இடத்திலிருந்து ஒரு தெருநாயைப் பிடித்து வந்து இரண்டு வாரம் சோறு போட்டேன். நல்லவன்தான், நன்றாக நடந்தான். மூன்றாம் வாரம் மீன்கூடை ஒன்று சைக்கிளில் போனதைப் பார்த்தவன் அதன் பின்னாலேயே போனான், போனவன்தான். கடைசியில் அரிசி ஆலை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது தன் ராஜபாளையம் நாயைக் கொடுத்தார். இரண்டு வயது. பால் மாதிரி வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம். சங்கிலி இல்லாமலே முன்னால் போகும், சொன்னால் நிற்கும். கொக்கு, நாரை எதையும் சட்டை செய்யாது. பேர் ராஜா. அதைக் கூட்டிக்கொண்டு தெருவில் வந்தபோது எனக்கு இரண்டு கொம்பு முளைத்திருந்தது. அக்கா சொன்ன வேலையை முடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மறு ஞாயிற்றுக்கிழமை நானும் அளத்துக்குப் போய் உப்புக் குவித்த அம்பாரம் பக்கம் நின்று பார்த்தேன். ராஜா அழகாக முன்னால் போனது. வரப்பு முடிந்து வலப்பக்கம் திரும்புகிற இடம் உண்டல்லவா, அங்கே வந்ததும் நின்று திரும்பிப் பார்த்தது. நாய் நின்றது. அத்தான் நிற்கவில்லை. நான் கத்துவதற்குள் அதைத் தாண்டி நேராகப் பாத்திக்குள் நடந்துபோய் விழுந்தார். அந்த வாயில்லா ஜீவனும் அவர் பின்னாலேயே குதித்துப் பக்கத்தில் நின்றுகொண்டது.

"நாயி நின்னுச்சே அத்தான், நீங்க பாக்கலையா?"

"எங்கலே நின்னுச்சு? உப்புமேல உப்பால்லா இருக்கு! காலைல இருந்து அது இருக்கதே எனக்குத் தெரியல. நீ ஆசையா கொண்டாந்தியேன்னு சும்மா நடந்துக்கிட்டு இருக்கேன்."

பார்த்துக்கொள் அக்கா. உப்பு வெயிலில் நடக்கிறவருக்குப் போய் வெள்ளை நாயை வாங்கிக் கொடுத்தவன் உன் தம்பி. இனம் பார்த்தேன், குணம் பார்த்தேன், நிறத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்லக் கை வரவில்லை. நாய் கழுத்தில் கறுப்பாக ஏதாவது கட்டினால் தெரியுமே என்று வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். மேலே உன் அரக்குச் சேலை இருந்தது. கிழிந்துபோனதுதானே என்று ஓரத்தில் ஒரு முழம் கிழித்துக் கட்டிவிட்டேன். சாயங்காலம் ராஜாவின் கழுத்தைத் தடவிக் கொடுத்த அத்தானின் கை அப்படியே நின்றது. விரலால் துணியை நெருடிப் பார்த்தார்.

"எவம்லே இதக் கிழிச்சது?"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் இழுத்தார். நாய் வலியில் முனகியது. நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன். அதைக் கையில் சுற்றி வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒங்க அக்கா இதக் கட்டிக்கிட்டுத்தான் முன்னால போவா. அங்கன எல்லாம் வெள்ளைல்லா. அதுக்குள்ள இந்த அரக்கு மட்டுந்தான் எனக்குத் தெரியும். அது நின்னா நானும் நிப்பேன், அது திரும்புனா நானும் திரும்புவேன். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. புருஷன் முன்னால பொம்பள நடக்காளேன்னு நாலு பேரு சொன்னானுவ. சொல்லிட்டுப் போறானுவன்னுட்டா ஒங்க அக்கா."

நான் முதல் சம்பளத்தில் உனக்குச் சந்தன நிறத்தில் ஒரு சேலை எடுத்து வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? தீபாவளிக்கு ஒரு தரம் கட்டினாய், மடித்து வைத்துவிட்டாய். "ஒலகத்துல அரக்கை விட்டா வேற கலரே கெடயாதா ஒனக்கு?" என்று நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாமே அக்கா. அந்த இரண்டு நாளை நான் இப்போது யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பேன்?

பிறகு ஒரு கறுப்புத் துணியைக் கட்டிப் பார்த்தேன். ராஜா ஒரு மணி நேரத்தில் கடித்து எறிந்தது. முழம் துணி அவர் கண்ணுக்குப் போதவும் இல்லை. அந்தோணியிடம் போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். "அப்பம் கன்னிதான்" என்றான். கன்னி என்றால் கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டில் வளர்க்கிற வேட்டைநாய். மேலெல்லாம் கறுப்பு, புருவத்திலும் காலிலும் மட்டும் செம்பழுப்பு. ஆனால் யாரும் விற்க மாட்டார்கள் என்றும் சொன்னான். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்று ஊர் ஏறி இறங்கினேன். நாலாவது ஊரில் ராமலட்சுமி என்று ஒரு அம்மா வீட்டில் அதைப் பார்த்தேன். ஒன்றரை வயதுப் பெட்டை. நான் உள்ளே நுழைந்தபோது சாக்கின்மேல் படுத்திருந்தது. குரைக்கவில்லை, எழுந்து வரவில்லை. தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கால்மேல் வைத்துக்கொண்டது.

"காட்டுக்குள்ள விட்டா காத்தால்லா போகும்" என்றார் அந்த அம்மா. "வீட்டுக்கு வந்துட்டா நாயி இருக்கான்னே தெரியாது. ஆனா தம்பி, இத நாங்க விக்கதில்ல. பொண்ணக் கட்டிக் குடுக்கப்பம் சீரோட அனுப்புவோம். எம் மகளுக்குன்னு வளத்தது. அவ மில்லுக் குவார்ட்டர்ஸ்ல இருக்கா. அங்கன நாயி வைக்கக் கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டாவ. திரும்பி வந்தாலும் சீரு சீருதான. காசுக்குக் குடுத்தா ஆகுமா?"

நான் மெனக்கெட்டுக் கேட்டேன். மாட்டேன் என்றார். வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரை வந்தது. அப்போதுதான் நீ நினைவுக்கு வந்தாய்.

அம்மா அப்பா இல்லாத வீட்டிலிருந்து நீ கட்டிக்கொண்டு போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. சீர் என்று ஒரு சொம்புகூடக் கொண்டு போகவில்லை, என்னைத்தான் கையில் பிடித்துக்கொண்டு போனாய். பிறந்த வீட்டுச் சீர் எங்கே என்று உன் மாமியார் கேட்டதற்கு, "எந் தம்பி வளந்து கொண்டாருவான்" என்றாய். நான் வளர்ந்த பிறகு என்ன வேண்டும் என்று வருஷா வருஷம் கேட்டேன். "எப்பம் கேக்கணும்னு எனக்குத் தெரியும்லே" என்று சொல்லிச் சொல்லியே கேட்காமல் போய்விட்டாய்.

"சீருக்குத்தான் கேக்கேன்மா" என்றேன். "எங்க அக்காவுக்கு."

"என்னைக்குக் கல்யாணம்?"

"ஆயிட்டும்மா. இருவது வருஷம் ஆச்சு. நான் அப்பம் ஒண்ணும் செய்யல."

"அக்கா எந்த ஊர்ல இருக்கா?"

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு நீ போனதையும் அத்தானைப் பற்றியும் அளத்தைப் பற்றியும் உன் சேலையைப் பற்றியும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன். அவர் எழுந்து உள்ளே போனார். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் தேங்காயும் வைத்து எடுத்து வந்தார். நாயின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்துத் தட்டை என் கையில் கொடுத்தார். "ஒங்க அக்காளுக்கு எம் மக சீரு" என்றார். காசு என்று நான் வாயெடுத்ததற்கு ஒரு முறை முறைத்தார் பார், நீ முறைக்கிற மாதிரியே இருந்தது.

பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள். உப்பு இறக்கிவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்புகிற லாரியில், குங்குமம் வைத்த நாயும் தாம்பூலத் தட்டுமாக நான் வந்து இறங்கினேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

அத்தானிடம் இது உனக்கு வந்த சீர் என்று சொன்னேன். "அவளுக்கு நாயின்னாலே ஆகாதேலே" என்றார். உன் பதினாறாம் நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றைப் பார்த்தேன்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் அது அளத்தைப் பார்த்து மிரண்டு வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டது. அத்தானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆள் வந்து சொன்னபோது நான் கப்பலில் நின்றேன். என்னால் என்ன செய்ய முடியும்? டாலித் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடக்க ஆரம்பித்தது. இந்த ஒரு மாதமாக அவர் ஒருதரமும் விழவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அம்பாரத்துப் பக்கம் போய் நின்றேன். இந்தத் தடவை நான் எனக்கு அரக்கு நிறத்தில் ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தேன், துறைமுகத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அத்தனை வெள்ளைக்கு நடுவில் கன்னியின் கறுப்பு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பத்தடி முன்னால் போகும், நிற்கும், திரும்பிப் பார்க்கும். அத்தான் வந்து சேர்ந்ததும் மறுபடி நடக்கும். பூநாரைக் கூட்டம் ஒன்று எழுந்து பறந்தது. அதன் உடம்பு ஒரு தரம் விறைத்தது, ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை.

அந்த வலப்பக்கத் திருப்பம் வந்தது. கறுப்பு நின்றது. அத்தானும் நின்றார். அது கொஞ்சம் வேகமாகத் திரும்பிவிட்டது போல. அவர் குரல் கொடுத்தார்.

"ஏளா, மெல்லப் போ."

எட்டு மாதம் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன் அக்கா. அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்தக் கன்னி நின்று, அவர் பக்கம் திரும்பிப் பார்த்தது. நான் உப்பு அம்பாரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

கோபமா? நாயைப் போய் அப்படிக் கூப்பிடுகிறாரே என்று? அதற்கு இன்னும் பேர் வைக்கவில்லை. வைக்கலாமா என்று கேட்டேன், "வேண்டாம்லே, போதும்" என்கிறார்.

போன வாரம் டாக்டர் மறுபடி விளக்கை அடித்துப் பார்த்தார். இன்னும் எத்தனை நாள் இந்தக் கறுப்பு தெரியும் என்று கேட்டேன். கையை விரித்துவிட்டார். ஒரு வருஷமோ, ஆறு மாதமோ. அதை நிறுத்த என்னிடம் ஒன்றும் இல்லை. நாயைத் தேடிக் கொண்டுவரத்தான் முடிந்தது, கண்ணை எங்கே போய்த் தேடுவேன்? நீ இருந்தால் ஏதாவது செய்திருப்பாய் என்று தோன்றுகிறது. என்ன செய்திருப்பாய் என்று மட்டும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். என்றைக்கு அந்தக் கறுப்பும் அவருக்கு வெள்ளையாகிப் போகிறதோ, அன்றைக்கு எந்தக் கப்பல் வந்து நின்றாலும் நிற்கட்டும். நான் வரப்பில் ஏறி அவர் கையைப் பிடிப்பேன். உதறுவார், எரிந்து விழுவார். விட மாட்டேன். எதற்குச் சரி சொல்கிறேன் என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும் அக்கா.

இருபது வருஷம் பிந்திச் சீர் கொண்டுவந்த
உன் தம்பி,
ராசு